எறும்பு வராத தரை

வெயில் வருவதற்கு முன்பே குழி நாற ஆரம்பித்துவிடும். வெயில் ஏறினாலோ கேட்கவே வேண்டாம், நாற்றம் எழுந்து வந்து ஆளையே சாய்க்கும். அதனால்தான் பொழுது விடிகிறபோதே எல்லாரும் குழியில் இறங்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தக்காரன் விஜயன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கூலிக்காரர்கள் மேல் அவனுக்கு அவ்வளவு கரிசனமா என்று யாரும் உருகிவிட வேண்டாம். பெட்ரோல் போட வருகிற கார்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பங்க் முதலாளியிடம் முறையிடுகிறார்கள். அவ்வளவுதான் சங்கதி.

ஆண்கள் கீழே நின்று கடப்பாறையால் குத்தி, மண்வெட்டியால் வாரி, இரும்புச் சட்டியில் போட்டார்கள். பெண்கள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சரிவில் போட்டிருந்த பலகை வழியாக மேலே வந்து கொட்டினார்கள். பூங்கோதை எத்தனையாவது நடை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டாள். தலையில் வைத்த சும்மாட்டுத் துணி ஊறி, அதிலிருந்து ஒழுகியது நெற்றி வழியாக இறங்கிக் கண்ணில் எரிந்தது. வியர்வை என்றால் கரிக்கும். இது கசந்தது. உதட்டில் பட்டதும் அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. துப்பினாள். துப்பிய எச்சிலும் பெட்ரோலாக நாறியது.

குழிக்குள்ளே பழைய இரும்புத் தொட்டி பாதி தெரிந்தது. பங்க் தொடங்கிய காலத்தில் புதைத்தது. அடியில் துருவேறி ஓட்டை விழுந்து, எத்தனையோ வருஷமாக மண்ணுக்குப் பெட்ரோல் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மண் குடித்தது போக மிச்சம் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. யமுனைப் பக்கம் என்பதால் இங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஊறிய தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஏடு மிதக்கும். அதை மோட்டார் வைத்து உறிஞ்சிப் பின்பக்கத்து நாலாவில் விட்டார்கள். நாலா என்றால் தில்லியின் மலமூத்திரமெல்லாம் ஓடுகிற பெரிய சாக்கடைக் கால்வாய். அதற்கு இந்தக் கரையில் பூங்கோதை போன்ற தமிழ்க் கூலிக்காரர்களின் குடிசைகள், அந்தக் கரையில் பீகாரிலிருந்து வந்தவர்களின் குடிசைகள்.

அக்கரைக்காரி மது இரண்டு வருஷத்துக்கு முன்பே, தன் வீட்டுப் பக்கத்துக் கைப்பம்பில் தண்ணீர் நாறுகிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள். பங்க்குக்குப் போய்க் கேட்டாள். துரத்தினார்கள். இக்கரைக்காரர்களுக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதனால் அவளுக்கு மூக்கு நீளம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பூங்கோதையும் சிரித்தவள்தான். பிறகு, பங்க்கை ஒட்டிய ஹோட்டலின் தரையடிக் கார் நிறுத்தத்தில் அதே நாற்றம் வந்தது. உடனே அரசாங்கத்துக்கு மூக்கு திறந்துகொண்டது. தொட்டியை எடு, கெட்ட மண்ணை அள்ளு, தண்ணீரைச் சுத்தம் பண்ணு என்று உத்தரவு பறந்தது. அந்த வேலைதான் விஜயன் கைக்கு வந்திருந்தது.

விஜயன் நம்ம ஆள். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். இதே நாலாக் கரையில் சட்டி சுமந்து வளர்ந்தவன். இப்போது தில்லியிலேயே வசதியானவர்கள் இருக்கும் துவாரகாவில் ஃப்ளாட், கையில் அத்தர் தெளித்த கைக்குட்டை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்காருவான். அங்கிருந்தே, "என்னா தங்கச்சி, கால் பின்னுது? ஜல்தி ஜல்தி!" என்று அன்பொழுகக் குரல் கொடுப்பான்.

மண் சங்கதியைச் சொல்ல வேண்டும். மழைக்காலம் வந்தால் நாலா பொங்கிக் குடிசைக்குள் வரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் எங்கிருந்தாவது மண் கொண்டுவந்து தரையைத் தூக்குவார்கள். தோண்டுகிறவர்களுக்குத் தோண்டிய மண்ணில் பங்கு உண்டு என்பது இவர்களுக்குள் இருந்த வழக்கம். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் மண்ணைக் கேட்பார்கள். ஆனால் தில்லி மண் மாவாக உதிரும், எவ்வளவு இடித்தாலும் கெட்டிப்படாது. இந்தக் குழியில் வந்ததோ கறுப்பும் சாம்பலும் கலந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. ஊரில் சின்னசேலத்துப் பக்கம் கரிசலில் புரண்டவர்களுக்கு அதைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது.

"விஜயண்ணே, இந்த மண்ணை எங்க கொண்டுபோயிக் கொட்டப் போறீங்க? எங்க சந்துல போட்டுடுங்களேன், தரைக்கு ஆவும்" என்று முதலில் கேட்டவள் பூங்கோதைதான்.

விஜயன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இதையெல்லாம் கேக்கணுமா தங்கச்சி? நம்ம ஜனத்துக்கு இல்லாததா? எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க. நானே ட்ராக்டர் அனுப்பறேன்" என்றான்.

ட்ராக்டர் வந்தது. சந்து முழுக்கக் குவியல் குவியலாக மண். மேஸ்திரி கருப்பசாமியின் மனைவி முத்தம்மா ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். "கிருஷ்ணாயில் ஊத்துன மாதிரியே இருக்குது. நல்லதாப் போச்சு போ. எறும்பு வராது, கரையான் ஏறாது" என்றாள். ஊரில் சுவரோரம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கரையானை விரட்டியவர்கள் இவர்கள். இங்கே காசில்லாமலே அது கலந்து வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, சாணம் போட்டு மெழுகி, கோலமும் போட்டார்கள். தரை ஒரு சாண் உயர்ந்தது. உண்மையிலேயே ஒரு எறும்பு வரவில்லை. பூங்கோதை அதைப் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

சில நாளில் நாற்றம் போய்விடும் என்று நினைத்தார்கள். போகவில்லை. தகரக் கூரை காயக் காயத் தரை வேர்த்தது போல நாற்றத்தைக் கக்கியது. சோற்றில் அது இருந்தது. குழம்பில் இருந்தது. மடித்து வைத்த சேலையைப் பிரித்தால் அதிலும் இருந்தது. பூங்கோதையின் கணவன் ரவிக்குமார் குழிக்குள் தோண்டுகிறவன். வேலை முடிந்து வந்து சோற்றுத் தட்டின் முன் உட்காருவான், ஒரு வாய் வைப்பான், எழுந்து போய் நாலாவில் வாந்தி எடுப்பான். திரும்பி வந்து தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடப்பான்.

அவர்கள் பெண் சிந்து தவழ ஆரம்பித்திருந்த நேரம் அது. சந்துக் குழந்தைகளைப் பகலில் முத்தம்மாதான் பார்த்துக்கொள்வாள். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். குழந்தையின் முட்டியிலும் உள்ளங்கையிலும் தோல் சிவந்து, வெடித்து, நீர் கோத்திருந்தது. டிஸ்பென்சரியில் டாக்டர் எட்டிக்கூடப் பார்க்காமல் வேர்க்குரு என்று பவுடர் எழுதிக் கொடுத்தார். பவுடர் போட்டார்கள். புண் பவுடரோடு சேர்ந்து கசிந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்த பூங்கோதை குழந்தையை மடியில் போட்டு மாரில் வைத்தாள். சிந்து வாய் வைத்தது. முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டது. திரும்ப வைத்தாள். வீறிட்டு அழுதது. குளித்துவிட்டு வந்து கொடுத்தாள். அப்போதும் அதே கதை. பூங்கோதை தன் மாரைத் தானே மோந்து பார்த்தாள். தன் உடம்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளை தன்னை ஒதுக்கியதைவிட, அந்தப் பிள்ளை செய்தது சரி என்று பட்டதுதான் அவளை அதிகமாகக் குத்தியது.

மறுநாள் குழிக்கு ஒரு பெண் வந்தாள். மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்துப்போகும் கம்பெனியிலிருந்து வந்தவள், பெயர் சுஷ்மா. கழுத்து முதல் கணுக்கால் வரை வெள்ளை அங்கி, முழங்கால் உயர பூட்ஸ், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டம் வைத்த முகமூடி, கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை. இத்தனையும் எதற்கு என்றால், ஒரு கரண்டி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் போட. வெறுங்காலும் வெறுங்கையுமாகச் சட்டி சுமந்துகொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூங்கோதை ஏதோ தமிழில் சொல்லிச் சிரிக்க, அந்தப் பெண் நிமிர்ந்து முகமூடியைக் கொஞ்சம் தள்ளினாள்.

"நீங்க தமிழா? நானும்தான். இங்கயே தில்லியில, கோல் மார்க்கெட்ல பொறந்தேன். என் தமிழ் கொஞ்சம் கச்சா, தப்பா எடுத்துக்காதீங்கோ."

"அதெல்லாம் இல்லம்மா. எதுக்கு இவ்ளோ வேஷம்னுதான் கேட்டேன்."

"ஸேஃப்டிக்கு. இந்த மண்ணை டச்சே பண்ணக்கூடாது. ஜஹர், விஷம். பென்சீன்னு ஒண்ணு இதுல இருக்கு. மூச்சுல போனாலும், தோல்ல பட்டாலும் உள்ள போயிடும். ரத்தத்துல கேன்சர் வரும்." சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை பூங்கோதையின் கையில் விழுந்தது. குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கு ஒண்ணுமே குடுக்கலையா?"

"குடுத்தாங்களே, மண்ணு குடுத்தாங்க."

"என்ன?"

"இந்த மண்ணுதாம்மா. தரையைத் தூக்க எல்லாருக்கும் குடுத்தாரு. ட்ராக்டர்ல கொண்டாந்து போட்டாங்க."

"மூடின லாரில ஸ்பெஷல் இடத்துக்குப் போகணும் இது! அங்கதான் இதைக் க்ளீன் பண்ணுவா." சுஷ்மா புட்டியைக் கீழே வைத்தாள். "வீட்டுக்குள்ளயா போட்டிருக்கீங்க? வீட்டுல... சின்னக் குழந்தைங்க இருக்கா?"

அதற்குள் விஜயன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டான். "மேடம், ஸாம்பிள் ஆச்சா? முதலாளி சாப் ஆபீஸ்ல வெயிட் பண்றாரு." லாரி என்ன ஆயிற்று என்று சுஷ்மா கேட்டாள். சாயங்காலம் போகிறது மேடம் என்று அவன் பல்லைக் காட்டினான். "நான் ரிப்போர்ட்ல கண்டிப்பா எழுதறேன்" என்று பூங்கோதையைப் பார்க்காமலே சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள். எழுதுவாளோ என்னவோ. அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுப்பவரும் பங்க் முதலாளிதான்.

பூங்கோதை சட்டியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். முத்தம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே சிந்து தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் தட்டுவதும் வாயில் வைத்து நக்குவதுமாக இருந்தது. பக்கத்தில் காலையில் கொடுத்த வெல்லக் கட்டி உருண்டு, நசுங்கி, ஈரமாக ஒட்டிக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு எறும்பு இல்லை. ஒரு ஈகூட இல்லை.

எறும்பு வேண்டாமென்று ஒதுக்கிய இடத்தில் பிள்ளையைத் தவழ விட்டிருக்கிறோம். கேட்டு வாங்கி, இடித்து, மெழுகி, கோலம் போட்டுத் தவழ விட்டிருக்கிறோம். பூங்கோதை குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

அன்று மாலை வேலை விடும் நேரத்துக்குச் சந்துப் பெண்கள் எல்லாரும் பங்க்குக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள். விஜயன் டீயில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தான். கருப்பசாமி பக்கத்தில் நின்றிருந்தார்.

"அண்ணே, அந்த மண்ணு விஷமாமே?" என்றாள் பூங்கோதை.

"யாரு, அந்த மூஞ்சியை மூடிக்கிட்டு வந்த பொண்ணு சொல்லுச்சா? படிச்சவங்க அப்படித்தான் தங்கச்சி. தும்மல் வந்தாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்க."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

அண்ணே என்பது போய் உனக்கு என்று வந்ததை விஜயன் கவனித்தான். கைக்குட்டையால் வாயைத் துடைத்தான். "தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா? நீதானே வந்து கேட்ட? நானா கொண்டாந்து உன் வீட்டுல கொட்டுனேன்? ட்ராக்டர்கூட என் செலவுல அனுப்புனேன். நல்லது செஞ்சவன் மேலயே பாயறீங்களே, அச்சா இருக்குதா இது?"

"மண்ணை எங்க வீட்டுக்குள்ள போட்டு, லாரிக்கு ஆவுற செலவை மிச்சம் புடிச்சிருக்கற. இப்ப எடுத்துக்கிட்டுப் போ."

"எடுக்கறதா? மெழுகுன தரையையா? மேல பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சுக்குங்க, நாத்தம் வராது. அதையும் நானே வாங்கி அனுப்பறேன், போங்க."

முத்தம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "ஏன்டா விஜயா, உன் ஃப்ளாட்டுல கொண்டுபோயிக் கொட்டி, மேல ஷீட்டை விரிச்சு, உன் பிள்ளைங்களைப் படுக்க வையேன்டா, பாப்போம்!"

விஜயனின் முகத்திலிருந்த அண்ணன் இறங்கிப் போனான். "அத்தை, பாத்துப் பேசுங்க. நீங்க உக்காந்திருக்கறது சர்க்கார் நிலம். மண்ணைப் பாக்க ஆபீஸருங்க வந்தாங்கன்னா, வீட்டையும் பாப்பாங்க. அப்புறம் மண்ணு மட்டும் போகாது. புல்டோசர் வந்து மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும். யோசிச்சுக்குங்க."

புல்டோசர் என்ற சொல்லைக் கேட்டதும் நாலு பெண்கள் பின்வாங்கினார்கள். தில்லியில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலம் உண்டு. விஜயனுக்கு அது தெரியும். ரொட்டியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

வெளிச்சம் இருக்கும்போதே சந்தில் எல்லாரும் கூடினார்கள். வீட்டுக்குள் போக யாருக்கும் பிடிக்கவில்லை. குழந்தைகளைக் கட்டிலில் போட்டு வெளியே வைத்திருந்தார்கள். விஜயன் சொன்னபடியே ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட்டுச் சுருளை அனுப்பியிருந்தான். அது நடுச்சந்தில் கிடந்தது.

கருப்பசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. அவன் சொல்றதுல ஞாயம் இல்லாம இல்ல. வீடு போச்சுன்னா எங்க போவீங்க? கம்முனு நாமளே கொஞ்சம் கொஞ்சமா அள்ளி நாலாவுல தள்ளிடுவோம். யாருக்கும் தெரிய வேணாம்."

"நாலா எங்க போவுது மாமா?" என்றாள் பூங்கோதை. "மது வீட்டுப் பக்கமாத்தானே போவுது. அவங்க தண்ணி ஏற்கனவே நாறிக் கெடக்குது. விஜயன் நமக்குச் செஞ்சதை நாம அவங்களுக்குச் செய்யணுமா?"

அந்த நேரம் பார்த்து மதுவே நாலாப் பாலத்தைத் தாண்டி வந்தாள். கூட இன்னும் சில பெண்கள். சேதி அதற்குள் அக்கரைக்குப் போயிருந்தது. பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது சிரிப்பது மதுவின் முறை.

"ரெண்டு வருஷமாச் சொன்னேன்" என்றாள் மது, இந்தியில். "உங்க ஆளுங்க சிரிச்சீங்க."

"சிரிச்சோம் தீதி. தப்புதான்" என்றாள் பூங்கோதை, அக்கா முறை வைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில்.

மது கட்டிலில் கிடந்த சிந்துவின் உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்தாள். "சரி, அதை அப்புறம் பேசலாம். என்ன செய்யப் போறீங்க?"

சுவரில் சாய்ந்திருந்த ரவிக்குமார் மெதுவாக நிமிர்ந்தான். தலைவலியில் அவன் கண்கள் சிவந்திருந்தன. "குழி தெறந்து கெடக்குது. தொட்டி பாதி வெளிய, பாதி உள்ள. மேகம் கட்டுது பாத்தீங்கல்ல? மழை வந்து குழி நிறைஞ்சுதுன்னா, அடியில இருக்கறதெல்லாம் மிதந்துக்கிட்டு ரோட்டுக்கு வரும், ஹோட்டலுக்குள்ள வரும். அவங்களுக்கு நாம வேணும். நாளைக்கு நாம இறங்கலன்னா யாரு இறங்குவா?"

"வேற ஆளைக் கொண்டாருவான்" என்றார் கருப்பசாமி.

அதை மதுவுக்கு இந்தியில் சொன்னார்கள். அவள் சிரித்தாள். "வேற ஆளுன்னா யாரு? எங்க ஆம்பளைங்களைத்தான் கூப்பிடுவான். ஒருத்தனும் போக மாட்டான். அதுக்கு நான் ஆச்சு."

பூங்கோதை எழுந்து நின்றாள். பேசிப் பழகாதவள். கோபம்தான் அவளைப் பேச வைத்தது. "குழியில இறங்க வேணாம். நாளைக்கு நம்ம வீட்டைத் தோண்டுவோம். அவங்க மண்ணை அவங்க வாசல்லயே கொண்டுபோயிப் போடுவோம். இந்த ஷீட்டை விரிச்சு அது மேலதான் போடணும், வேற எங்கயும் சிந்தக் கூடாது. வீட்டுக்குள்ள வந்து பாக்க மாட்டேங்கறாங்கல்ல, வாசல்லயாவது பாக்கட்டும்."

"புல்டோசர்?" என்றது ஒரு குரல்.

"வந்தா வரட்டும். பிள்ளைங்களை இந்தத் தரையில போட்டுத்தான் வீட்டைக் காப்பாத்தணும்னா, அந்த வீடு எனக்கு எதுக்கு?"

யாரும் கை தட்டவில்லை. முத்தம்மா எழுந்து உள்ளே போனாள். கடப்பாறை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. கருப்பசாமி, "ஏய், என்னா பண்ற நீ?" என்று கத்தினார். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிந்தபோது குழியில் ஆளில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சந்து முழுக்கத் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் கையால் மெழுகியதைத் தங்கள் கையால் உடைப்பது சும்மா இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே அடைந்திருந்த நாற்றம் புதிதாக எழுந்தது. பூங்கோதை நிறுத்தாமல் குத்தினாள். குழந்தைகளையெல்லாம் அக்கரை வேப்பமரத்தடியில் மதுவின் மாமியார் வைத்திருந்தாள்.

பூங்கோதை முதல் சட்டியைத் தலையில் ஏற்றினாள். பின்னால் முத்தம்மா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். பங்க்கில் கார்கள் நுழைகிற வாசலில் ரவிக்குமாரும் இன்னும் இரண்டு பேரும் ஷீட்டை விரித்திருந்தார்கள். அதன்மேல் முதல் சட்டி விழுந்தது. காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பங்க் பையன்கள் குழாயை அப்படியே பிடித்தபடி நின்றார்கள். வரிசையில் நின்ற காரெல்லாம் ஹார்ன் அடித்தது. பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. நாற்றம் அப்படி.

விஜயன் ஓடி வந்தான். "தங்கச்சி, என்னா பைத்தியக்காரத்தனம் இது? என் பொழப்பைக் கெடுக்காத. உன் கால்ல வேணா விழறேன்."

"எங்க பொழப்பைக் கெடுத்து ரொம்ப நாளாச்சு. தள்ளு, சட்டி மேல கொட்டிடும்."

கைக்குட்டை மூக்குக்குப் போனது. அவன் தள்ளி நின்றான். அதற்குள் முதலாளியின் கார் வந்துவிட்டது. உள்ளே நுழைய வழியில்லாமல் அது ரோட்டிலேயே நின்றது. இறங்கி வந்தவர் குவியலைப் பார்த்து, விஜயனைப் பார்த்து, "யே க்யா தமாஷா ஹை?" என்று, இதென்ன கூத்து என்பதுபோல் இரைந்தார்.

"சாப், ஒரு நிமிஷம், இப்ப எடுத்துடுவாங்க" என்று இந்தியில் குழைந்துவிட்டு விஜயன் திரும்பினான். டீக்கடைப் பக்கம் கருப்பசாமி தனியாக நின்றிருந்தார். "யோவ் மேஸ்திரி! நின்னு வேடிக்கை பாக்கற? மண்வெட்டியை எடுத்து இதை வாரு. ஆளுங்களைக் கூப்பிடு!"

கருப்பசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குவியல் அருகே வந்தார். பெண்கள் வரிசை நின்றுவிட்டது. அவர் குனிந்தார். குவியலின் மேலே ஒரு கட்டி, சாணம் மெழுகியபடியே பெயர்ந்து வந்திருந்தது. அதில் கோலத்தின் ஒரு வளைவு அழியாமல் இருந்தது. முத்தம்மா போடுகிற கோலம் அவருக்குத் தெரியாதா? அந்தத் தரையில்தான் நேற்றைக்கு முந்தின நாள்வரை அவர் பாயில்லாமல் படுத்துத் தூங்கினார்.

"இது என் வீட்டுத் தரை" என்றார். "இதை நான் வார மாட்டேன்." மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் தலையிலிருந்த சட்டியை வாங்கிக் கொட்டினார்.

"சாப் போலீஸைக் கூப்பிடப் போறாரு. உள்ள போவீங்க எல்லாரும்" என்றான் விஜயன்.

"கூப்பிடச் சொல்லு" என்றாள் பூங்கோதை. "வந்து மோந்து பாக்கட்டும். உன் சாப் கிட்ட இதையும் சொல்லு. எல்லா வீட்டு மண்ணும் மூடின லாரியில போவணும், எங்க போவணுமோ அங்க. நல்ல மண்ணு கொண்டாந்து தரை போட்டுத் தரணும். மது தீதி பம்புத் தண்ணி சுத்தமாவுற வரைக்கும் ரெண்டு கரைக்கும் தண்ணி லாரி வரணும். பிள்ளைங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும். அந்தப் பொண்ணு போட்டுக்கிட்டு வந்தாளே, அதெல்லாம் எங்களுக்கும் வேணும். அப்புறம்தான் குழியில காலை வைப்போம்."

விஜயன் பாதியை விழுங்கிப் பாதியை முதலாளிக்கு இந்தியில் சொன்னான். ராத்திரியே எல்லாம் பேசி வைத்திருந்ததால், விழுங்கிய பாதியை மது பின்னாலிருந்து உரக்கச் சொன்னாள். முதலாளி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசினார். வானத்தைப் பார்த்தார். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குழியைப் பார்த்தார். மோட்டார்கூட ஓடவில்லை, ஓட்டுகிறவன் சட்டி சுமந்துகொண்டிருந்தான். தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது, யார் உள்ளே போவது, நாளைக்கு வீடு இருக்குமா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் யாரும் சட்டியை இறக்கவில்லை.

முதலாளி விஜயனிடம் ஏதோ கேட்டார். இம்முறை இரைச்சல் இல்லை. விஜயன் பூங்கோதையிடம் வந்தான். தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை அவனுக்கு.

"இன்னும் எவ்ளோ இருக்குதுன்னு கேக்கறாரு."

பின்னால் இருப்பது முதலாளியின் கண்ணில் படும்படி பூங்கோதை ஓரமாக நகர்ந்து நின்றாள். பங்க் வாசல் வரைக்கும் சந்திலிருந்து தலைச்சட்டிகள் வந்துகொண்டிருந்தன, நாலாப் பாலத்தைத் தாண்டி அந்தக் கரைப் பெண்களும் வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தமிழ் பேசுகிறவள் நாலு அடி சுமந்தாள், இந்தி பேசுகிறவள் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஜீப் வந்து நின்றது. கதவு திறந்தது. மது முன்னால் வந்து தன் சட்டியைக் கொட்டினாள்.